காவலுக்கு விட்ட பேன்கள் ஒன்றையொன்று தின்றால்?

ஆப்பிரிக்க மரவள்ளி வயல்கள் தரும் பாடம்

பயிரைத் தின்னும் பூச்சி இருந்தால், அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியும் இருக்கும் என்பது விவசாயிகள் தங்கள் வயலிலேயே கண்டறிந்த உண்மை. அசுவினியைப் பொறிவண்டு தின்கிறது. கரும்பின் இடைக்கணுப் புழு இடும் முட்டைகளை டிரைக்கோகிரம்மா என்னும் சின்னஞ்சிறு குளவி அழிக்கிறது. இத்தகைய நன்மை செய்யும் உயிரினங்களை வளர்த்து வயலில் விடுவதை உயிரியல் முறைக் கட்டுப்பாடு என்கிறோம்.

இதில் ஒரு கேள்வி இயல்பாகவே எழும். நன்மை செய்யும் இனம் ஒன்றை விட்டால் நன்மை என்றால், இரண்டை விட்டால் இரட்டிப்பு நன்மை கிடைக்குமா? காவலுக்கு விட்ட இரண்டுமே பசித்த வாய்கள். வயலில் தீய பூச்சி தீர்ந்ததும் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? செய்த செலவும் போய், காவலும் போய்விடாதா?

இந்தக் கேள்வி ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் உணவோடு சம்பந்தப்பட்டதாக இருந்தது. அங்கே மரவள்ளிப் பயிரில் இரைவிழுங்கிப் பேன்களை விட்டு நடத்திய ஆய்வுகள், இதற்குத் தெளிவான விடையைத் தந்துள்ளன.

பேனில் நல்லதும் உண்டு

சிலந்திப்பேன்கள் பூச்சி இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த சிலந்திப்பேனுக்கு, சிலந்தியைப் போலவே, எட்டுக் கால்கள். உடல் நீளம் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். இலையின் அடிப்பகுதியில் அமர்ந்து, ஊசி போன்ற வாயால் சாற்றை உறிஞ்சும். முதலில் இலையில் மஞ்சள் புள்ளிகள் தோன்றும். பிறகு இலை வெளிறி, சுருங்கி, உதிரும். வெண்டை, கத்தரி, மரவள்ளி, ரோஜா, தேயிலை ஆகியவற்றில் தோன்றும் செஞ்சிலந்தி இந்த வகையைச் சேர்ந்ததே. மிளகாயிலும் வெங்காயத்திலும் காணப்படும் இலைப்பேன், பெயரில் பேன் என்று இருந்தாலும், ஆறு கால் கொண்ட பூச்சியாகும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக்கூடாது.

சாறு உறிஞ்சும் பேன்களைத் தின்று வாழும் பேன்களும் உண்டு. இவற்றை இரைவிழுங்கிப் பேன்கள் என்பர். பேரிக்காய் வடிவில், பளபளப்பாக, நீண்ட கால்களுடன் இருக்கும். கண் கிடையாது. முன்கால்களால் தடவியும், வாடையை அறிந்துமே இரையைத் தேடும். சாறு உறிஞ்சும் பேன் மெதுவாக நகரும். இரைவிழுங்கிப் பேன் ஓட்டமாக ஓடும். இலையைத் திருப்பிப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக் கண்ணாடியில் பார்த்தால், ஓட்டத்தை வைத்தே இதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இரைவிழுங்கிப் பேன்கள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. சில இனங்கள் செஞ்சிலந்தி வகையைத் தவிர வேறெதையும் தொடமாட்டா. சில இனங்கள் அதை விரும்பித் தின்றாலும், கிடைக்காதபோது மற்றதையும் ஏற்கும். வேறு சில இனங்கள் பேன், இலைப்பேன், வெள்ளை ஈயின் முட்டை, பூவின் மகரந்தம் என்று எதைக் கண்டாலும் தின்னும். இந்த வேறுபாடு பின்னால் வரும் செய்திகளுக்கெல்லாம் அடிப்படையாகும்.

விதைக்குச்சியோடு வந்த வினை

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் மூலம் ஆப்பிரிக்காவை அடைந்த இந்தப் பயிர், மழை பொய்த்தாலும் கைவிடாத உணவாக அங்கே நிலைபெற்றது. கிழங்கு மட்டுமின்றி இலையும் பல நாடுகளில் கீரையாகச் சமைக்கப்படுகிறது.

1971-ம் ஆண்டு உகாண்டா நாட்டில் மரவள்ளிக் கொழுந்துகள் வெளிறிச் சிறுத்துப்போவது கண்டறியப்பட்டது. காரணம், தென் அமெரிக்காவில் மரவள்ளியை உண்ணும் பச்சைச் சிலந்திப்பேன். இது மோனோனிக்கெல்லஸ் தனாஜோவா எனப்படும். காற்றாலும், நடவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட விதைக்குச்சிகளாலும் இது நாடு விட்டு நாடு பரவியது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி வட்டாரம் முழுவதையும் எட்டிவிட்டது. கோடை மாதங்களில் பெருகி, இளம் இலைகளை உதிர்த்து, செடியின் நுனியை மொட்டைக் குச்சியாக்கிவிடும். கிழங்கு பருக்காது.

மரவள்ளி ஏழைகளின் பயிர். மருந்து வாங்கவோ தெளிப்பான் வாங்கவோ அவர்களிடம் பணம் கிடையாது. கீரையாகப் பறிக்கும் இலையில் மருந்து தெளிப்பதும் ஆபத்து. எனவே தாயகத்தில் இந்தப் பேனைத் தின்னும் இனங்களைத் தேடிக் கொண்டுவருவதே வழி என்று முடிவாயிற்று. நைஜீரியாவின் இபாதான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்தப் பணியை ஏற்றது. கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு ஆராய்ச்சி நிலையமும், பிரேசிலின் அரசு வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனமும் கைகொடுத்தன.

ஐம்பது லட்சம் விட்டும் பயனில்லை

1984 முதல் 1988 வரை, கொலம்பியாவிலிருந்து கொண்டுவந்த ஏழு வகை இரைவிழுங்கிப் பேன்கள் வளர்க்கப்பட்டு, பத்து நாடுகளில் விடப்பட்டன. விட்ட எண்ணிக்கை ஐம்பது லட்சத்துக்கும் மேல். ஆனால் ஓர் இனம்கூட வயலில் நிலைக்கவில்லை.

காரணங்களை ஆராய்ந்தபோது இரண்டு முக்கியமாகத் தெரிந்தன. ஒன்று, காற்றில் ஈரம் குறைந்த நீண்ட வறட்சிக் காலத்தை அவை தாங்கவில்லை. இரண்டு, பச்சைப்பேன் குறையும் மாதங்களில் பசியாற்றிக்கொள்ள அவற்றுக்கு வேறு உணவு இல்லை. எத்தனை இனம், எத்தனை லட்சம் என்ற கணக்கு மட்டும் காவலாகிவிடாது என்பது அங்கே கிடைத்த முதல் பாடம்.

அடுத்து ஆராய்ச்சியாளர்கள் பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பகுதிக்குத் திரும்பினார்கள். ஆப்பிரிக்க வயல்களைப் போன்ற தட்பவெப்பம் அங்கே உண்டு. அங்கிருந்து வந்த இனங்களில் மூன்று ஆப்பிரிக்க மண்ணில் நிலைத்தன. அவற்றில் முக்கியமானவை இரண்டு. 1989-ல் விடத் தொடங்கிய டைப்லோடிரோமாலஸ் மனிஹோட்டி ஒன்று. 1993-ல் பெனின் நாட்டில் விடப்பட்ட டைப்லோடிரோமாலஸ் அரிப்போ மற்றொன்று. சுருக்கமாக மனிஹோட்டி, அரிப்போ என்று சொல்லலாம்.

மனிஹோட்டி மெதுவாகப் பரவியது. அரிப்போவோ முதல் ஆண்டில் சுமார் 12 கிலோமீட்டரும், இரண்டாம் ஆண்டில் 200 கிலோமீட்டர் வரையிலும் பரவி வியப்பை ஏற்படுத்தியது. பின்னர் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அது நிலைபெற்றது. அது நிலைத்த மேற்கு ஆப்பிரிக்க வயல்களில் பச்சைப்பேன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கிழங்கு விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடியது. விவசாயி கையிலிருந்து ஒரு காசும் செலவாகவில்லை.

ஒரே செடியில் இரண்டு குடித்தனம்

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். மனிஹோட்டி இருக்கும் வயலுக்கு அரிப்போவும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இரை ஒன்றே. இவற்றோடு ஆப்பிரிக்காவுக்கே உரிய யூசியஸ் பஸ்டிஸ் என்னும் மூன்றாவது இரைவிழுங்கியும் அதே செடியில் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் சிறு இலைத் துண்டின்மேல் இவற்றை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். வேறு உணவு கொடுக்காதபோது, ஒவ்வோர் இனமும் மற்ற இனத்தின் குஞ்சுகளைத் தின்றது. தன் இனத்துக் குஞ்சுகளையும் விடவில்லை. இதை மட்டும் பார்த்தால், இரண்டு இனங்களை ஒரே வயலில் விடுவது வீண் வேலை என்றே தோன்றும்.

ஆனால் வயலில் இலைத் துண்டு இல்லை. முழுச் செடி இருக்கிறது. அரிப்போ குடியிருப்பது செடியின் உச்சிக் கொழுந்தில். இன்னும் விரியாத இலைகளுக்கு நடுவே பகல் முழுவதும் பதுங்கியிருந்துவிட்டு, இரவில் கீழே உள்ள இளம் இலைகளுக்கு இறங்கி இரை தேடும். பொழுது விடிவதற்குள் மீண்டும் கொழுந்துக்குள் போய்விடும். மனிஹோட்டி குடியிருப்பது செடியின் நடு இலைகளில். ஒரே வீட்டில் மாடியில் ஒரு குடித்தனமும் கீழே ஒரு குடித்தனமும் இருப்பது போன்ற ஏற்பாடு இது. சந்திப்பு குறைவு, ஆகவே சண்டையும் குறைவு.

மேலும், மற்ற இரைவிழுங்கிகள் ஏற்கனவே அமர்ந்திருக்கும் இலையை மனிஹோட்டி வாடையால் அறிந்து தவிர்க்கிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணில்லாத உயிருக்கு மூக்கே எல்லை காக்கிறது. பெனின் நாட்டு வயல்களில் இரண்டு இனங்களும் ஒரே செடியில் சேர்ந்து வாழ்வதைக் காண முடிகிறது.

உணவிலும் வேறுபாடு உண்டு. மனிஹோட்டிக்குப் பெருகுவதற்கு இரை நிறைய வேண்டும். இரை நிறைந்த காலத்தில் விரைவாகப் பெருகும். அரிப்போ சிக்கனக்காரன். பேன் குறைந்தாலும், காற்றில் வந்து விழும் மக்காச்சோள மகரந்தத்தையும் மரவள்ளியில் கசியும் இனிப்பு நீரையும் கொண்டு காலந்தள்ளும். இரை மீண்டும் தலைகாட்டும்போது அது செடியிலேயே தயாராக இருக்கும்.

மேலே ஓடினால் ஒன்று, கீழே ஓடினால் மற்றொன்று

பச்சைப்பேன் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? அதற்கும் உயிர் வெல்லம். எதிரியின் வாடை வந்தால் அதுவும் இடம் மாறும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் பெனின் நிலையத்தாரும் சேர்ந்து செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஓட்டத்தை விளக்கியது.

நடு இலைகளிலிருந்து மனிஹோட்டியின் வாடை வந்தபோது, பச்சைப்பேன்கள் செடியின் மேல்பக்கமாக ஏறின. கொழுந்திலிருந்து அரிப்போவின் வாடை வந்தபோது கீழ்ப்பக்கமாக இறங்கின. அவ்வளவாக ஆபத்தில்லாத யூசியஸ் பஸ்டிஸின் வாடைக்கு அவை அசையவில்லை. எந்த எதிரி, எங்கே இருக்கிறான் என்று பிரித்தறிந்தே அவை ஓடுகின்றன.

ஒரே இனம் மட்டும் காவல் இருக்கும் செடியில் இப்படி ஓடித் தப்பலாம். இரண்டும் இருக்கும் செடியில் என்ன ஆகும் என்று சிந்தித்துப் பார்க்கலாம். மனிஹோட்டிக்குப் பயந்து மேலே ஏறினால் கொழுந்தில் அரிப்போ காத்திருக்கிறது. அரிப்போவுக்குப் பயந்து கீழே இறங்கினால் மனிஹோட்டியின் எல்லைக்குள் விழ வேண்டும். கிணற்றுக்குப் பயந்து குளத்தில் விழுந்த கதைதான். வேறு வேறு இடத்தில் வாழும் இரண்டு காவலர்கள் ஒருவருக்கொருவர் இடையூறு செய்வதைவிட, இரையின் புகலிடத்தைப் பறிப்பதற்கே அதிகம் உதவக்கூடும்.

குடில் பயிர்களில் வேறு கதை

எல்லாப் பயிரிலும் இப்படி நடந்துவிடும் என்று எண்ணக்கூடாது. ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய், பூச்செடிகள் ஆகியவற்றுக்கு இரைவிழுங்கிப் பேன்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கண்ட அனுபவமும் கவனிக்கத்தக்கது.

1958-ம் ஆண்டு, சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் தற்செயலாக ஓர் இரைவிழுங்கிப் பேன் கண்டெடுக்கப்பட்டது. பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்னும் இந்தப் பேன், செஞ்சிலந்தி இனத்தை மட்டுமே தின்னும் அசுரப் பசிக்காரன். செஞ்சிலந்தி மண்டிய இடத்தில் விட்டால் விரைவில் துடைத்துவிடும். ஆனால் இரை தீர்ந்ததும் தானும் பட்டினியால் அழிந்துபோகும். பிறகு செஞ்சிலந்தி மீண்டும் தோன்றினால் காவலுக்கு ஆள் இராது.

இந்தக் குறையைப் போக்க நியோசியுலஸ் கலிபோர்னிகஸ் என்னும் இரண்டாவது இனத்தையும் சேர்த்து விடும் வழக்கம் வந்தது. இது மெதுவாக வேலை செய்யும்; ஆனால் இலைப்பேனையும் மகரந்தத்தையும் உண்டு நெடுநாள் தங்கும். ஆஸ்திரியாவின் வியன்னா நகர ஆராய்ச்சியாளர்கள் இவ்விரண்டையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார்கள். இரை நிறைந்திருந்தவரை பெர்சிமிலிஸ் வேகமாகப் பெருகியது. இரை தீர்ந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. கலிபோர்னிகஸ் தன் இனத்துக் குஞ்சையும் அயல் இனத்துக் குஞ்சையும் பிரித்தறிந்து, பெர்சிமிலிஸ் குஞ்சுகளையே முதலில் தின்றது. கடைசியில் நிலைத்து நின்றது கலிபோர்னிகஸ்.

இதை நஷ்டம் என்று சொல்ல முடியாது. தீயை அணைக்க வந்தவன் வேலை முடிந்து விலக, வீட்டைக் காப்பவன் தங்கிவிடுகிறான். ஆனால் எந்த இனத்தை எந்த நேரத்தில் விடுவது என்பது முக்கியம். பெர்சிமிலிஸுக்கு வேலை இருப்பது செஞ்சிலந்தி மண்டியிருக்கும்போதுதான். இரை அற்றுப்போன இடத்தில் இரண்டையும் சேர்த்து விட்டால், விலை கொடுத்து வாங்கிய பெர்சிமிலிஸ் மற்றொன்றுக்குத் தீனியாகும்.

எதையும் தின்னும் இனத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. 2005-ம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த ஆம்ப்ளிசியஸ் ஸ்விர்ஸ்கி என்னும் பேன் வெள்ளை ஈயின் முட்டையையும் இலைப்பேனின் குஞ்சுகளையும் தின்கிறது. நெதர்லாந்தில் வெள்ளரியில் நடந்த ஆய்வில், இவ்விரு பூச்சிகளும் சேர்ந்திருந்தபோது, இரை அதிகமானதால் ஸ்விர்ஸ்கி நன்றாகப் பெருகியது. வெள்ளை ஈ முன்னைவிடக் குறைந்தது. அதே பேன் குடைமிளகாயில் வேறு வேலை செய்தது. அசுவினியை அழிப்பதற்காக விட்ட ஒரு சிறு ஈயின் முட்டைகளைத் தேடித் தின்றுவிட்டது. ஈ குறைந்தது, அசுவினி பெருகியது. வேலிக்கு வைத்த முள் காலில் குத்திய நிலை அது.

விவசாயிகள் அறிய வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து தெரியவரும் உண்மை ஒன்றே. காவல் இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் காவல் பலப்படாது. இரண்டாவது இனத்தைச் சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும்.

முதலாவது, அது செடியின் எந்தப் பகுதியில் வாழ்கிறது? கொழுந்தில் ஒன்றும் இலையில் ஒன்றுமாகப் பிரிந்து வாழ்பவை ஒன்றுக்கொன்று துணையாகும். ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை ஒன்றையொன்று கெடுக்கும்.

இரண்டாவது, தீய பூச்சி குறையும் காலத்தில் அது எதைத் தின்று பிழைக்கும்? மகரந்தம் போன்ற மாற்று உணவு கிடைத்தால் காவல் இனம் வயலிலேயே தங்கும். ஆப்பிரிக்காவில் மரவள்ளி வயலை ஒட்டி மக்காச்சோளம் பூக்கும்போது அரிப்போவுக்கு விருந்து. கொழுந்தில் மென்மையான மயிர் அடர்ந்த மரவள்ளி ரகங்களில் அரிப்போ அதிகமாகத் தங்குவதும் கண்டறியப்பட்டுள்ளது. உணவும் உறைவிடமும் கொடுத்தால்தான் காவல்காரன் நிலைப்பான்.

மூன்றாவது, பசி வந்தால் அது யாரைத் தின்னும்? செஞ்சிலந்தியை மட்டும் தின்னும் இனத்தால் பிற நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தொல்லை இல்லை. எதையும் தின்னும் இனத்தை விடும்போது, ஏற்கனவே அந்தப் பயிரில் வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல பூச்சிகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும்.

நம் வயலிலும் காவல் உண்டு

தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு பெருவாரியாகப் பயிராகிறது. வெயில் ஏறும் மாதங்களில் செஞ்சிலந்தி இங்கும் தொல்லை தருகிறது. செஞ்சிலந்தியைத் தின்னும் நியோசியுலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் போன்ற இரைவிழுங்கிப் பேன்கள் நம் நாட்டிலேயே இயற்கையாக உள்ளன. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் இவற்றைக் காணலாம்.

பெனின் நிலையத்துக்கும் சேலத்துக்கும் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டிலும் பெருஞ்சேதம் விளைவித்தது. இந்த மாவுப்பூச்சியை ஆப்பிரிக்காவில் அடக்கிய அனகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி, பெனின் நிலையத்திலிருந்தே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. அயல்நாட்டு இனங்களை இவ்வாறு சோதித்து, மத்திய அரசின் அனுமதியோடுதான் கொண்டுவர முடியும். தனியார் எவரும் தாமாகக் கொண்டுவந்து விடுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, பயிருக்கும் ஆபத்து.

நன்மை செய்யும் பேன்களுக்கு முதல் எதிரி பெரும்பாலும் மருந்துத் தெளிப்பான்தான். செயற்கைப் பைரித்ராய்டு போன்ற மருந்துகளை அடிக்கடி தெளித்த வயலில் இரைவிழுங்கிகள் மடிந்துபோக, செஞ்சிலந்தி முன்னைவிடப் பன்மடங்கு பெருகுவதைப் பல பயிர்களில் கண்டிருக்கிறார்கள். எனவே இலையில் மஞ்சள் புள்ளி கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடாமல், வயலில் அங்கங்கே சில செடிகளின் இலைகளைத் திருப்பி, பூதக் கண்ணாடியில் பார்ப்பது நல்லது. மெதுவாக நகர்பவற்றுக்கு நடுவே பளபளப்பாக ஓடுபவையும் தென்பட்டால், காவல் வேலை நடக்கிறது என்று பொருள். ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பார்த்து, பிறகு முடிவு செய்யலாம். நட வேண்டிய குச்சிகளைப் பேன் தாக்காத செடிகளிலிருந்து எடுப்பதும், பயிர் வாடாமல் நீர் கொடுப்பதும் பாதி வேலையை முடித்துவிடும்.

கொழுந்தில் ஒன்றும் இலையில் ஒன்றுமாக இடம் பிரித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேன்கள் ஆப்பிரிக்க விவசாயிகளின் கிழங்கைக் காத்து வருகின்றன. காவலர்களைக் கூட்டுவதற்கு முன் அவர்கள் தங்குவதற்கு இடம் உண்டா, தின்பதற்கு உணவு உண்டா என்று பார்க்கும் விவசாயிக்கு, வயலே பாதிக் காவலைச் செய்து கொடுக்கும்.